முந்திரி முதல் கலம் வரை: திண்ணைப் பள்ளியின் எண்சுவடி

அரசுப் பள்ளிகளும் அச்சிட்ட பாடநூல்களும் பரவுவதற்கு முன், தமிழகத்தில் சிறுவர்கள் எண்ணும் எழுத்தும் கற்ற இடம் பெரும்பாலும் ஒரு வீட்டுத் திண்ணையாகவோ, கோயில் மண்டபமாகவோ, மரத்தடியாகவோ இருந்தது. அப்பள்ளிகளுக்குத் திண்ணைப் பள்ளிக்கூடம் என்ற பெயர் நிலைத்தது இதனால்தான். எழுத்துக்கு அரிச்சுவடியும், நல்லொழுக்கத்துக்கு ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் இருந்ததுபோல், கணக்குக்கு எண்சுவடி இருந்தது. இன்று எண்சுவடி என்றதும் வாய்பாட்டுப் புத்தகம் என்ற அளவிலேயே பலர் நினைவுகொள்கின்றனர். உண்மையில் அது, நெல்லளவும் நிலவளவும் பொன்னின் பகுப்பும் ஒன்றோடொன்று பொருந்தும்படி வரிசைப்படுத்தி, எட்டுப் பத்து வயதுப் பிள்ளையின் நினைவில் படிப்படியாக ஏற்றிவைத்த முழுமையான ஒரு பயிற்றுக் கருவி. ஊரின் களத்திலும் கடையிலும் வயலிலும் எந்த அளவைகள் புழங்கினவோ அவற்றையே அது பாடமாகக் கொண்டிருந்ததால், அந்த அளவைகள் வாழ்ந்த காலம்வரை அதுவும் வாழ்ந்தது.

திண்ணைப் பள்ளியின் முதல் எழுதுபலகை மணல். தரையில் பரப்பிய மெல்லிய மணலில் விரலால் எழுதி, வாயால் உரக்கச் சொல்லி, கலைத்துவிட்டு மீண்டும் எழுதுவதே தொடக்கப் பயிற்சி. கை தேறிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும் கிடைக்கும். இம்முறை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. 1623-இல் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் இக்கேரியை நோக்கிப் பயணம் செய்த இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே, ஒரு கோயில் முகப்பில் சிறுவர் நால்வர் ஆசிரியர் அருகில் இல்லாமலே கணக்குப் பாடத்தை ஒரே குரலில் பாடிக்கொண்டு, பாடியதைத் தரை மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். தரை நிரம்பியதும் புதிய மணலைத் தூவிக்கொண்டு தொடர்ந்தனர் என்ற அவருடைய குறிப்பு, காகிதமோ மையோ செலவில்லாத இக்கல்வி எவ்வளவு எளிய பொருள்களைக் கொண்டு நடந்தது என்பதைக் காட்டுகிறது. குரலும் கையும் கண்ணும் ஒருசேர இயங்கும் இவ்வழக்கம், நினைவில் பதிப்பதற்கென்றே அமைந்தது.

நினைவுக்கு இத்தனை முதன்மை தரப்பட்டதற்கு எண்களை எழுதிய முறையும் ஒரு காரணம். பழைய தமிழ் எண்முறையில் சுழியம் இல்லை. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. நூற்று இருபத்தைந்தை எழுத, நூறின் குறி, இரண்டு, பத்தின் குறி, ஐந்து என ௱௨௰௫ என்று அடுக்குவார்கள். சொல்லும் வரிசையிலேயே எழுதும் இம்முறை பதிவு செய்வதற்கு நன்றாகப் பொருந்தியது. ஆனால் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தி, இடத்துக்கு இடம் மீதியைக் கடத்திக் கூட்டுவதற்கும் பெருக்குவதற்கும் அது இடம் தரவில்லை. ஆகவே கணக்கு நடந்தது மனத்தில். ஓலையில் ஏறியது விடை மட்டுமே. இன்றைய கல்வியாளர்கள் மனப்பாடத்தைச் சிந்தனைக்கு எதிரானதாக நிறுத்துவதுண்டு. திண்ணைப் பள்ளியைப் பொறுத்தவரை அப்பிரிவினை பொருந்தாது, ஏனெனில் அங்கே நினைவில் இருந்த வாய்பாடுகளே கணக்குச் செய்யும் கருவிகள். அவை இல்லாமல் சிந்திப்பதற்கு எதுவும் கையில் இராது.

எண்சுவடிப் பயிற்சி முழு எண்களின் பெருக்கல் வாய்பாட்டோடு நிற்கவில்லை. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து என்னும் பகுதிகளே அதன் உயிர்நிலை. பொன்னிலக்கம் பின்னங்களின் வரிசை. அதன் அடிப்படை அலகு முந்திரி, அதாவது ஒன்றில் 320-இல் ஒரு பங்கு. முந்திரியும் முந்திரியும் சேர்ந்தால் அரைக்காணி (1/160), அரைக்காணி இரண்டு சேர்ந்தால் காணி (1/80), காணி இரண்டு அரைமா (1/40), அரைமா இரண்டு மா (1/20) என்று வரிசை ஏறும். இன்னொரு பக்கம், ஒன்றைப் பாதி பாதியாகப் பகுத்துக்கொண்டு வந்தால் அரை, கால், அரைக்கால், வீசம் என்ற மற்றொரு வரிசை இறங்கும். வீசம் என்பது 1/16, அதற்கு மாகாணி என்றும் பெயர். இருபதின் வழியாக வரும் பின்னங்களும் பதினாறின் வழியாக வரும் பின்னங்களும் எளிதில் ஒன்றுசேர மாட்டா. அவற்றைச் சேர்த்துவைப்பது காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து காணி ஒரு வீசம். ஆகவே மாவோடு காணியைக் கூட்டினால் மாகாணி. முந்திரியில் சொன்னால், மாவுக்கு 16 முந்திரி, வீசத்துக்கு 20 முந்திரி, காலுக்கு 80 முந்திரி. இன்றைய வகுப்பறையில் பின்னங்களைக் கூட்டுவதற்குப் பொதுப் பகுதி எண் காண வேண்டும் என்று விதியாகச் சொல்லிக்கொடுப்பதை, பொன்னிலக்கம் ஓர் அலகாகவே சமைத்துப் பிள்ளையின் நாவில் வைத்திருந்தது. பின்னம் என்றாலே பிள்ளைகள் அஞ்சும் நிலை கணக்குக் கல்வியில் இன்றும் நீடிப்பதால், முந்திரியில் தொடங்கி ஒன்றில் முடியும் இந்த ஏணியின் நேர்த்தி மதிப்போடு பார்க்கத்தக்கது.

முந்திரியோடும் பகுப்பு நின்றுவிடவில்லை. முந்திரியையே ஒன்றாகக் கொண்டு அதனை மீண்டும் 320 கூறாக்கும்போது கீழ் முந்திரி கிடைக்கிறது. அது ஒன்றில் 1,02,400-இல் ஒரு பங்கு. கீழ்க்கால், கீழரை என்று மேல்வரிசைப் பெயர்களே கீழ்வரிசைக்கும் வந்துவிடுவதால், பிள்ளை புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நெல்லிலக்கம் முகத்தல் அளவைகளின் வரிசை. கணக்கு நூல்கள் 360 நெல் கொண்டது ஒரு செவிடு என்று தொடங்குகின்றன. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். இதன்படி நாழிக்கு 14,400 நெல்லும், கலத்துக்கு 96 நாழியும் அமைகின்றன. கலத்தைச் செவிடாக்கினால் 3,840. அதை 320-ஆல் வகுத்தால் மீதமின்றி 12 வருகிறது. கலத்தில் முந்திரி என்று கேட்டால் பன்னிரண்டு செவிடு என்று பிள்ளை தயங்காமல் சொல்லலாம். கலத்தில் காணி என்றால் 48 செவிடு, அதாவது ஒரு நாழி, ஓர் ஆழாக்கு, மூன்று செவிடு. பொன்னிலக்கத்தின் பின்னமும் நெல்லிலக்கத்தின் அளவும் இப்படிக் கச்சிதமாகப் பொருந்துவது தற்செயலாக நேர்ந்திருக்க முடியாது. களத்துமேட்டில் நெல்லைப் பங்கிட்டவர்களின் தலைமுறை தலைமுறையான தேவை இந்த எண்களைத் தேய்த்து வழுவழுப்பாக்கியிருக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

குழிமாத்து நிலவளவைக்கு உரியது. கோலால் அளந்த நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் கிடைக்கும் பரப்பு குழி எனப்பட்டது; சோழநாட்டு வழக்கில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. பக்கங்கள் முழு எண்ணாக அமையும் நிலம் அரிது என்பதால், பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கும் பயிற்சி இங்கே இன்றியமையாததாயிற்று. பன்னிரண்டரைக் கோல் சதுரமுள்ள ஒரு வயலை எடுத்துக்கொண்டால், பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்க 144, பன்னிரண்டின் பாதி ஆறு இருமுறை வருவதால் 12, அரையை அரையால் பெருக்கக் கால், ஆகக் குழி நூற்றைம்பத்தாறே கால் என்று மனத்திலேயே முடிந்துவிடும். இன்று இயற்கணிதத்தில் இரண்டு உறுப்புகளின் கூட்டுத்தொகையை வர்க்கமாக்குதல் என்று கற்பிப்பது இதுவேயாயினும், குழிமாத்தைப் பயின்ற பிள்ளைக்கு அது சூத்திரமாக அல்லாமல் வயலின் மூலையில் கிடக்கும் கால் குழியாகவே தோன்றியிருக்கும்.

மனப்பாடத்துக்கு மேல் கணக்கை விளையாட்டாகவும் வல்லமைச் சோதனையாகவும் மாற்றியவை புதிர்க்கணக்குகள். காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் நிலம், பொன், நெல், அரிசி முதலியவற்றின் கணக்கு விதிகளைச் செய்யுளாகத் தருவதோடு, கேட்பவரை மடக்கும் வினாக்களையும் சேர்த்திருக்கிறது. பலாப்பழத்தைப் பிளக்காமலே அதிலுள்ள சுளைகளைச் சொல்ல வேண்டுமானால், காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும் என்பது அவற்றுள் பெயர்பெற்றது. முள் ஐம்பதானால் சுளை அறுபது. ஒவ்வொரு பழத்துக்கும் இது பொருந்துமா என்று சோதித்து இந்நூலின் அறிவியலை நிறுவவோ மறுக்கவோ சிலர் முனைவதுண்டு. அம்முயற்சி நூலின் பயனைத் தவறவிடுகிறது; கண்முன் இருக்கும் ஒரு பொருளை எண்ணி, அவ்வெண்ணை விகிதத்தால் மாற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஊகிக்கலாம் என்ற துணிவைப் பிள்ளைக்குத் தருவதே அவ்வினாவின் வேலை. ஆஸ்தான கோலாகலம் என்ற மற்றொரு கணக்கு நூலின் பெயரே, இத்தகைய வினாக்கள் அவையில் கேட்டு விடைசொல்லும் களிப்புக்குரியனவாகவும் கருதப்பட்டன என்பதை உணர்த்துகிறது.

இவ்விடத்தில் பல்லாங்குழியைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. பதினான்கு குழிகளில் புளியங்கொட்டையையோ சோழியையோ இட்டு, ஒரு குழியிலிருந்து அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுச் செல்லும் இவ்விளையாட்டில், எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே கணிப்பவரே வெல்வார். ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் பசு என்று எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஆயினும் இதனைத் திண்ணைப் பள்ளியின் பாடமுறையோடு சேர்த்துப் பேசுவது சரியாகாது. பல்லாங்குழி பெரும்பாலும் வீட்டுக்குள், பெண்களின் கையில் வளர்ந்தது. எண்சுவடியோ பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே கிட்டியது. கூடத்தில் அமர்ந்து குழிகளைக் கண்ணாலேயே எண்ணிய பெண்களின் கணக்கறிவு, எழுத்துக்கு வராமலும் தொழிலாக மாறாமலும் போயிற்று என்பது வருந்தத்தக்க உண்மை.

பள்ளியின் நடைமுறையில் ஆசிரியருக்கு அடுத்த இடம் சட்டாம்பிள்ளைக்கு. மூத்த மாணவன் ஒருவனே சட்டாம்பிள்ளை; இளையவர்களுக்கு முறைசொல்லிக் கொடுப்பதும், அவர்களுடைய பாடத்தைக் கேட்பதும், ஆசிரியர் இல்லாதபோது ஒழுங்கு காப்பதும் அவன் பொறுப்பு. விடியுமுன் பள்ளிக்கு வந்து பாடத்தை ஒப்பிக்கும் வழக்கத்தையும், சட்டாம்பிள்ளையின் அதிகாரத்தையும், பிரம்பின் அச்சத்தையும் உ.வே. சாமிநாதையர் (1855–1942) தம் தன்வரலாறாகிய என் சரித்திரத்தில் விரிவாகப் பதிந்திருக்கிறார். தண்டனைகள் கொடியவை என்பதில் ஐயமில்லை. எண்சுவடியின் அமைப்பைப் பாராட்டுவோர் அப்பிரம்பையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

சட்டாம்பிள்ளை முறைதான் கடல் கடந்து சென்றது. 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கண்டு, அதைத் தம் இல்லத்தில் புகுத்த முயன்றார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்காமையால், எட்டு வயது மாணவன் ஒருவனையே மற்றவர்களுக்குக் கற்பிக்க அமர்த்தினார், அது பலித்தது. 1797-இல் லண்டனில் இதைப் பற்றி அவர் வெளியிட்ட நூலைத் தொடர்ந்து, மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் முறை மெட்ராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. ஆங்கிலேயக் கல்வியாளர் ஜோசப் லங்காஸ்டர் ஏறத்தாழ அதே முறையைத் தனியாக நடத்தியதால், இருவரில் யார் முந்தியவர் என்ற பூசலும் எழுந்தது. பெல் விட்டுச்சென்ற செல்வத்தால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது. பெல்லாரி மாவட்ட ஆட்சியராயிருந்த கேம்பெல், 1823-இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில், உள்ளூர்ப் பள்ளிகளின் சிக்கனமும் மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையும் இங்கிலாந்தில் பின்பற்றப்பட்டது தகுதியானதே என்று ஒப்புக்கொள்கிறார். மணலும் சட்டாம்பிள்ளையும் ஏற்றுமதியாயின. பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் ஆகவில்லை. அவை மரக்காலும் கோலும் புழங்கிய மண்ணைவிட்டு நகரக்கூடியவை அல்ல.

கேம்பெலின் அறிக்கை, சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்ட கல்விக் கணக்கெடுப்பின் பகுதி. மாவட்ட ஆட்சியர்கள் திரட்டி அனுப்பிய விவரங்களை மன்றோ 1826 மார்ச்சில் தொகுத்தபோது, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகத் தெரியவந்தது. வீட்டிலேயே கற்றவர்கள் இந்த எண்ணிக்கைக்கு வெளியே இருந்தனர். 20-ஆம் நூற்றாண்டில் ஆய்வாளர் தரம்பால் இவ்வறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டபின், பழைய கல்வி பார்ப்பனர்க்கு மட்டும் உரியதாக இருந்தது என்ற கருத்து தமிழ் மாவட்டங்களுக்குப் பொருந்தாது என்பது தெளிவாயிற்று. அங்கே பள்ளி மாணவருள் பெரும்பான்மையினர் பிற சாதியினர். ஆயினும் அதே அட்டவணை மற்றொன்றையும் சொல்கிறது. 1,88,650 பேரில் பெண்கள் 4,540 மட்டுமே. ஊரின் வயல்களில் உழைத்து நெல்லாகக் கூலி பெற்ற தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அத்திண்ணைகள் மூடியே இருந்தன. மரக்காலை அளந்தவரும் ஓலையில் கணக்கெழுதியவரும் எண்சுவடி படித்தவர்கள். அளந்து கொடுத்ததை வாங்கிச் சென்றவர்களுக்கு, கலத்தில் காணி எவ்வளவு என்று சரிபார்க்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டிருந்தது. கணக்கறிவு இவ்வளவு செம்மையாக வளர்ந்த சமூகத்தில் அதுவே அதிகாரத்தின் கருவியாகவும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் எண்சுவடியின் வரலாறு பாதியாகிவிடும்.

மாற்றம் அச்சின் வழியாக வந்தது. 1825-இல் பண்டல ராமசாமி நாயக்கரின் கணித தீபிகை, சுழியத்தையும் இடமதிப்பையும் கொண்ட எண்முறையைத் தமிழ் எண்குறிகளிலேயே அறிமுகப்படுத்தியது. இடமதிப்பு வந்ததும், எழுதியே கணக்குச் செய்ய முடிந்தது; நினைவு முதலிடத்தை இழந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மானியமும் ஆய்வாளரும் தேர்வும் திண்ணைப் பள்ளிகளை எட்டின. சிலேட்டுப் பலகை மணலின் இடத்தைப் பிடித்தது. எனினும் எண்சுவடி உடனே மறையவில்லை. ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற நாணயப் பகுப்பு அதற்கு எதிர்பாராத துணையாயிற்று. ரூபாயில் வீசம் ஓர் அணா, அரைக்கால் இரண்டணா, கால் நாலணா என்று பழைய வரிசை அப்படியே பொருந்தியது. மா வரிசைக்குத்தான் அத்தகைய பொருத்தம் கிட்டவில்லை, ஏனெனில் 192 பை கொண்ட ரூபாயில் இருபதில் ஒரு பங்கு முழு எண்ணாக வராது. கடைக்கணக்குக்குத் தேவைப்பட்ட பிள்ளைகளுக்காக மலிவான அச்சு எண்சுவடிகள் 20-ஆம் நூற்றாண்டிலும் விற்பனையாயின.

அந்தத் துணையும் 1957 ஏப்ரல் 1-இல் முடிந்தது. ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற தசம நாணயமும், அதையொட்டிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மெட்ரிக் அளவைகளும், வீசத்தையும் மரக்காலையும் வாணிகத்திலிருந்து விலக்கின. தசம முறை எல்லார்க்கும் எளிது. சாதியும் ஊரும் பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவையைக் கற்பிக்கும் பொதுக்கல்விக்கு அதுவே ஏற்றது. அந்த மாற்றத்தைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் வெளியே அளக்கும் படியும் உள்ளே படிக்கும் பாடமும் ஒன்றாயிருந்த நிலை அத்துடன் முடிந்தது.

பின்னர் வந்த கருவிகள் வேறு வகையின. 1984-இல் நடுவண் அரசு சுமார் 250 பள்ளிகளில் பிபிசி மைக்ரோ கணினிகளை வைத்துத் தொடங்கிய திட்டம், கணினியைப் பள்ளிப் பிள்ளையின் கைக்கெட்டச் செய்த முதல் முயற்சிகளுள் ஒன்று. தமிழகத்தில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் அட்டைகளையும் மணிகளையும் தாழ்வான கரும்பலகைகளையும் கொண்டுவந்தது. கொரோனாக் கால இழப்பை ஈடுசெய்ய 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. 2023-இல் மணற்கேணி என்னும் செயலி அசைபடப் பாடங்களைக் கைப்பேசிக்குள் சேர்த்தது. பிரம்பு இல்லை, பெண்பிள்ளைகளும் முன்பு விலக்கப்பட்டோரின் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர்.

பழைய பின்னக் குறிகளும் கணினிக்குள் வந்துவிட்டன. 2019-இல் வெளியான யூனிகோடு 12.0 பதிப்பில், முந்திரி, காணி, மா, வீசம் முதலிய பின்னங்களுக்கும் செவிடு, உழக்கு, குறுணி, பதக்கு போன்ற அளவைகளுக்கும் உரிய 51 குறிகள் தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. ஓலைச்சுவடிகளைப் பதிப்பிப்போருக்கு இது பெரும் உதவி. கணித வரலாற்று ஆய்வாளர் செந்தில் பாபு 2022-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வுநூலும், எண்சுவடியைத் தொல்பொருளாகப் பாராமல் உழைப்பும் அளவையும் சார்ந்த கணக்கு மரபாகப் படிக்கும் வழியைத் திறந்திருக்கிறது. குழந்தைகளுக்கான கணக்குச் செயலிகளை வடிவமைப்போர் எட்டிப்பார்க்க வேண்டிய இடமும் இதுவே. மரக்காலை மீட்க வேண்டியதில்லை. நான்கு காணி ஒரு மா, ஐந்து காணி ஒரு வீசம் என்று இரண்டு பின்ன வரிசைகளை ஒரே அலகில் சந்திக்கவைத்த அந்த ஒழுங்கைத் திரையில் கட்டைகளாக அடுக்கிக் காட்டினால், மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டத் தெரியாமல் விழிக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு, பன்னிரண்டு என்ற எண் அங்கே எதற்காக வருகிறது என்பதை அதே வழியில் விளக்கிவிடலாம்.